ஓடைக்கரையில் தோண்டிய குழிகள்

2008 பிப்ரவரி 13 அன்று, அரசால் பிள்ளைகள் பறிக்கப்பட்ட பழங்குடிக் குடும்பங்களிடம் ஆஸ்திரேலிய நாடாளுமன்றத்தில் பிரதமர் கெவின் ரட் மன்னிப்புக் கேட்ட உரையை நான் பலமுறை வாசித்திருக்கிறேன். அதில் ஒரு மூதாட்டியின் கதை வருகிறது. 1932 வாக்கில், டென்னன்ட் கிரீக் அருகே, அதிகாரிகள் வந்தால் குழந்தைகள் ஒளிந்துகொள்வதற்கென்று பெரியவர்கள் ஓடைக்கரையில் முன்கூட்டியே குழிகள் தோண்டி வைத்திருந்தார்கள். இருந்தும் பிள்ளைகள் பிடிபட, லாரியின் பக்கவாட்டைப் பற்றிக்கொண்டு அழுத தாயை விட்டுவிட்டு வண்டி போய்விட்டது. இதற்கு அரசு சூட்டிய பெயர் ‘பாதுகாப்பு’.

1910 முதல் 1970 வரை, பத்தில் ஒன்று முதல் மூன்றில் ஒன்று வரையிலான பழங்குடிக் குழந்தைகள் இவ்வாறு பிரிக்கப்பட்டதாக 1997ஆம் ஆண்டு விசாரணை அறிக்கை மதிப்பிட்டது. அப்போதைய பிரதமர் ஜான் ஹோவர்ட் அரசின் சார்பில் மன்னிப்புக் கேட்க மறுத்தார்.

இதே நாடு இன்று பசிபிக் தீவுகளிடம் உறவுமொழி பேசுகிறது. பழங்குடியினருக்கான தூதர் ஒருவரை 2023 மார்ச்சில் நியமித்தது. ஆனால் அவ்வாண்டு அக்டோபர் 14 அன்று, நாடாளுமன்றத்துக்கு ஆலோசனை சொல்லும் பழங்குடியினர் அவையை அரசியலமைப்பில் சேர்க்கும் யோசனையை வாக்காளர்களில் சுமார் 60 சதவீதத்தினர் நிராகரித்தார்கள். நான்கு வாரங்களுக்குள், பசிபிக் தீவு நாடான துவாலுவுடன் ஃபலேபிலி ஒப்பந்தம் கையெழுத்தானது. நல்ல அண்டைவீட்டாரின் பரிவைக் குறிக்கும் துவாலுச் சொல் ‘ஃபலேபிலி’. அதன்படி துவாலு மக்களில் ஆண்டுக்கு 280 பேர் ஆஸ்திரேலியாவில் குடியேறலாம். பதிலுக்கு, பிற நாடுகளுடன் பாதுகாப்பு உடன்பாடு செய்யத் துவாலு ஆஸ்திரேலியாவின் இசைவைப் பெற வேண்டும். சீனாவை மனத்தில் வைத்து எழுதப்பட்ட வரி அது என்றே நான் கருதுகிறேன்.