தப்புன்னா அது கருத்துதானே சார்?

உண்மைக்கும் கருத்துக்கும் என்ன வித்தியாசம் என்று ஒன்பதாம் வகுப்பில் கேட்டால் எல்லாக் கையும் மேலே போகும். நிரூபிக்க முடிந்தால் உண்மை, ஒருவர் மனதில் நினைப்பது கருத்து. மனப்பாடமாக ஒப்பிப்பார்கள். சிக்கல் அதற்கு அடுத்த நிமிடம்தான் ஆரம்பிக்கும்.

நம் தேசிய கீதத்தை உலகிலேயே சிறந்தது என்று யுனெஸ்கோ அறிவித்துவிட்டதாகப் பல வருடமாக வாட்ஸ்அப்பில் சுற்றிக்கொண்டிருக்கிறதே, அதைப் போர்டில் எழுதி, இது எந்தப் பக்கம் என்று கேட்பேன். பாதி வகுப்பு உண்மை என்னும். யுனெஸ்கோ அப்படி எதையும் அறிவிக்கவில்லை என்று சொன்னதும், "தப்புன்னா அது கருத்துதானே சார்?" என்று அப்படியே அந்தப் பக்கம் தாவிவிடுவார்கள். சரியாக இருந்தால் உண்மை, தப்பாக இருந்தால் கருத்து, அவ்வளவுதான் அவர்கள் கணக்கு. யுனெஸ்கோ அறிவித்ததா இல்லையா என்பது விசாரித்தால் தெரிந்துவிடுகிற சங்கதி, விசாரித்தால் பொய் என்று தெரிகிறது, பொய்யாகிப் போனதால் அது யாருடைய கருத்தாகவும் ஆகிவிடாது. நம் தேசிய கீதம்தான் உலகத்திலேயே இனிமையானது என்று ஒரு பையன் சொன்னால் அது கருத்து, தாராளமாக வைத்துக்கொள்ளட்டும். இதற்காகவே இப்போதெல்லாம் போர்டில் 'உண்மை' என்று தலைப்புப் போடுவதில்லை. 'சரிபார்க்கலாம்' என்று எழுதி, பக்கத்தில் 'எங்கே, எப்படி' என்று ஒரு கட்டம் விடுகிறேன். சரியா தப்பா என்பது அதற்குப் பிறகு வருகிற வேலை.

பெரியவர்கள் மட்டும் என்ன வாழ்கிறது? ப்யூ ஆய்வு மையம் 2018-ல் அமெரிக்காவில் சுமார் 5,000 பெரியவர்களிடம் இப்படிப் பத்து வாக்கியங்களைக் கொடுத்துப் பார்த்தது. தகவல் வாக்கியங்கள் ஐந்தையும் சரியாகக் கண்டுபிடித்தவர்கள் 26 சதவீதம், கருத்து வாக்கியங்கள் ஐந்தையும் கண்டுபிடித்தவர்கள் 35 சதவீதம். ஜனநாயகமே தலைசிறந்த ஆட்சிமுறை என்பது அதில் ஒரு கருத்து வாக்கியம். எங்கள் பிள்ளைகளிடம் அதைக் கொடுத்தால் யோசிக்காமல் உண்மைப் பக்கம் போடுகிறார்கள், கேட்டால் "பரீட்சைக்கு வரும் சார்" என்கிறார்கள். அச்சில் வந்து மார்க்கும் கிடைக்கிற வாக்கியத்தை எந்தப் பிள்ளை சந்தேகப்படும்?

தோனியை இழுத்தால்தான் வகுப்புக்கு உயிர் வரும். 'தோனிதான் உலகின் சிறந்த கேப்டன்' என்று எழுதினேன். கடைசி பெஞ்சு மொத்தமும் உண்மை என்று கத்தியது. ஆதாரமும் கையோடு கொண்டுவந்திருந்தார்கள்: 2007 டி20 உலகக் கோப்பை, 2011 உலகக் கோப்பை, 2013 சாம்பியன்ஸ் டிராபி. மூன்றும் சரிபார்க்கக் கூடியவை, மூன்றும் சரி. அப்போது முதல் வரிசையில் ஒரு பெண், வழக்கமாக வாயே திறக்காதவள், "கோப்பையை வச்சுத்தான் சிறந்த கேப்டனான்னு பார்க்கணும்னு யார் சொன்னா?" என்று கேட்டாள். அப்புறம் ஆஸ்திரேலியக் கேப்டன் பாண்டிங் வந்தார், 2003-லும் 2007-லும் ஒரு போட்டி கூடத் தோற்காமல் உலகக் கோப்பை வாங்கியவர். மேற்கிந்தியத் தீவுகளின் பழைய கேப்டன் கிளைவ் லாயிடை நான் இழுத்துவிட்டேன், அவரை யாருக்கும் தெரியவில்லை. மணி அடித்தபோது தோனிதான் சிறந்தவர் என்பதில் பெரும்பாலானோர் உறுதியாகவே இருந்தார்கள், ஆனால் எதை வைத்துச் சொல்கிறோம் என்பதையும் சேர்த்துச் சொன்னார்கள். எனக்கு அது போதும்.

கீழடிக்கு வந்தால் 'சரிபார்க்கலாம்', 'கருத்து' என்ற இரண்டு கட்டமும் போதாது. எங்கள் பள்ளி மதுரைக்குப் பக்கம், பிள்ளைகள் பாதிப் பேர் அங்கே அருங்காட்சியகம் பார்த்தவர்கள். 353 செ.மீ. ஆழத்தில் கிடைத்த மாதிரி ஒன்றின் காலம் கரிமப் பகுப்பாய்வில் கி.மு. 580 என்று வந்ததாக மாநிலத் தொல்லியல் துறை 2019-ல் வெளியிட்டது. அறிக்கையைத் திறந்து பார்க்கலாம். கி.மு. 6-ஆம் நூற்றாண்டிலேயே வைகைக் கரையில் நகர வாழ்க்கை இருந்தது என்பது அந்தச் சான்றுகளை வைத்து எடுத்த முடிவு. உலகத்துக்கே நாகரிகம் சொல்லிக்கொடுத்தவர்கள் நாம்தான் என்பது மேடைப் பேச்சு. நடுவில் இருக்கிறதே அந்த முடிவு, அதுதான் சொல்லிக்கொடுக்கக் கஷ்டமானது, நான் பார்த்த எந்தப் பயிற்சித்தாளிலும் அதற்கு இடமில்லை. அதை வெறும் கருத்து என்று தள்ளவும் முடியாது, கல்வெட்டு மாதிரி நினைக்கவும் கூடாது. மறுக்கிறவர் வேறு சான்றோடு வர வேண்டும். முதல் இரண்டு கட்ட அகழாய்வு அறிக்கையைத் திருத்தித் தரும்படி இந்தியத் தொல்லியல் துறை 2025-ல் கேட்டதும், அந்த அகழாய்வை நடத்திய அமர்நாத் ராமகிருஷ்ணா மறுத்ததும் செய்தியானபோது, இந்த நடுக் கட்டத்தை விளக்க நான் மெனக்கெடவே வேண்டியிருக்கவில்லை. ஸ்டாஃப் ரூமில் ஒரு நண்பர் மட்டும், "நம்ம பெருமையிலேயே போய் ஏன் சார் கோடு போட்டுப் பிரிக்கிறீங்க?" என்று வருத்தப்பட்டார். எனக்கென்னவோ கி.மு. 580 தனியாக நின்றாலே போதுமான பெருமையாகத்தான் படுகிறது.

செய்தித்தாளில் 'அதிரடி', 'பரபரப்பு', 'அதிர்ச்சி' எல்லாவற்றையும் பென்சிலால் அடித்துவிட்டு மிச்சத்தைப் படிக்கச் சொல்வதும் உண்டு. சில செய்திகளில் மிச்சமே இருக்காது.

இதில் ஒரு பக்கவிளைவும் உண்டு. கருத்து என்றால் யாரும் கேள்வி கேட்க முடியாது என்று சில பிள்ளைகள் பிடித்துக்கொண்டார்கள். பெண் பிள்ளைகள் கபடி ஆடக் கூடாது என்று ஒருவன் சொன்னான், ஏன்டா என்றதற்கு "அது என் கருத்து சார்" என்று உட்கார்ந்துவிட்டான். கருத்துக்குக் காரணம் உண்டு, காரணத்துக்குள் சரிபார்க்கிற விஷயம் ஏதாவது இருக்கும், அதைச் சொல்லிவிட்டு உட்கார் என்றேன். அடிபடும் என்றான். பெண்கள் விடவில்லை, பி.இ.டி. சாரிடம் போய் முதலுதவி நோட்டை வாங்கிப் புரட்டினார்கள், அதில் இருந்தவை பெரும்பாலும் பையன்கள் பெயர். அவன் கருத்தை மாற்றிக்கொள்ளவில்லை, காரணத்தை மாற்றிவிட்டான். பிராக்டிஸ் முடிய இருட்டிவிடுமாம். இப்போது பயிற்சி நேரம் எத்தனை மணிக்கு முடிகிறது என்று கேட்டுக்கொண்டு திரிகிறார்கள்.