நவூரு விற்றவை

சிறிய நாடுகளைப் பற்றித் தேடிப் படிப்பது எனக்குப் பழைய பழக்கம். பெரிய நாடுகளில் நிலம், அரசு, தொழில், வணிகம் எல்லாம் ஒன்றன்மேல் ஒன்றாகப் படிந்துகிடப்பதால் எது எதனால் நடந்தது என்று பிரித்தறிவது கடினம். சிறிய நாட்டில் ஒரு முடிவை எடுத்தவர் யார், அதனால் போன நிலம் எது, வந்த பணம் எங்கே போயிற்று என்பதை ஓரளவு நேராகவே பின்தொடரலாம். அவ்வகையில் நவூருவைப் போல வெளிப்படையான நாடு வேறில்லை. அதைப் பற்றி வரும் காணொளிகள் பெரும்பாலும் ஒரே கதையைத்தான் சொல்கின்றன: உலகின் பணக்கார நாடுகளுள் ஒன்றாக இருந்தது, ஊதாரித்தனத்தால் ஓட்டாண்டியானது. அது பொய்யில்லை என்றாலும், கதையை நடுவிலிருந்து தொடங்குகிறது.

பசிபிக் பெருங்கடலில், நிலநடுக்கோட்டுக்கு ஏறத்தாழ 56 கிலோமீட்டர் தெற்கே, தன்னந்தனியாக இருக்கும் ஒற்றைத் தீவு நவூரு. பரப்பளவு 21 சதுர கிலோமீட்டர். வத்திக்கானுக்கும் மொனாக்கோவுக்கும் அடுத்தபடியாக உலகின் மிகச் சிறிய நாடு. மக்கள்தொகை ஏறத்தாழ 12,000. அருகிலுள்ள நிலம் என்று சொன்னால், கிழக்கே 300 கிலோமீட்டர் தொலைவில் கிரிபாட்டி நாட்டுக்கு உரிய பனாபா தீவுதான். கடற்கரையை ஒட்டித் தீவைச் சுற்றி ஒரு குறுகிய சமநிலம். அதில்தான் வீடுகள், தென்னைகள், பள்ளிகள், தீவை முழுதாகச் சுற்றிவரும் 19 கிலோமீட்டர்ச் சாலை ஆகிய அனைத்தும் நெருக்கியடித்து நிற்கின்றன. அங்கிருந்து நிலம் சட்டென்று உயர்ந்து ஒரு மேட்டுநிலமாகிறது. உள்ளூரார் அதை டாப்சைட் என்கிறார்கள். தீவின் ஐந்தில் நான்கு பங்கு அதுவே. ஆறு இல்லை. இயற்கைத் துறைமுகமும் இல்லை, ஏனெனில் பவளப்பாறை விளிம்பைத் தாண்டியதும் கடல் நங்கூரம் எட்டாத ஆழத்துக்கு இறங்கிவிடுகிறது. அதனால்தான் ஐவோ பகுதியில் கடலுக்குமேல் நீட்டிக்கொண்டிருக்கும் இரும்புக் கைகளை 1930இல் அமைத்து, மிதவைகளில் கட்டிய கப்பல்களுக்குள், தீவில் தோண்டி எடுத்த உரக் கனிமமான பாஸ்பேட்டைக் கொட்டினார்கள். அதிகாரப்பூர்வத் தலைநகரம் என்று எதுவும் இந்நாட்டுக்குக் கிடையாது. யாரென் மாவட்டத்தில் விமான நிலையத்துக்கு எதிரே சாலையோரம் நாடாளுமன்றம் இருப்பதால், உலகப்படங்கள் அதையே தலைநகரமாகக் குறித்துவைக்கின்றன.

மேட்டுநிலத்துக்கு நடுவே, தென்மேற்கில், புவாடா என்ற சிறு ஏரி உண்டு. கடற்பாறைகளில் பால்கெண்டைக் குஞ்சுகளைப் பிடித்து, மெல்ல மெல்ல நன்னீருக்குப் பழக்கி, இந்த ஏரியில் குடும்பவாரியாகப் பாத்தி பிரித்து வளர்ப்பது நவூரு மக்களின் மரபு. நம்மூரில் ஜிலேபிக் கெண்டை என்று சொல்லும் திலாப்பியா இருபதாம் நூற்றாண்டின் நடுவில் அங்கே கொண்டுவிடப்பட்டது. ஏரி அதன் வசமாயிற்று, பால்கெண்டை வளர்ப்பு நொடிந்தது. பாஸ்பேட்டுக்குத் தொடர்பில்லாத செய்திதான் என்றாலும், வெளியிலிருந்து வந்த ஒரு சிறு பொருளுக்கு இத்தகைய தீவு எவ்வளவு எளிதில் ஆட்படும் என்பதற்காக இதைச் சொல்கிறேன்.

ஜெர்மனி 1888இல் தீவைத் தன் ஆட்சியில் சேர்த்துக்கொண்டது. அப்போது யாருக்கும் அதில் பெரிய அக்கறை இல்லை. சிட்னியில் ஒரு வணிக நிறுவனத்தின் அலுவலகத்தில், கதவு சாத்திக்கொள்ளாமல் இருக்க நவூருவிலிருந்து வந்த கல் ஒன்றை முட்டுக்கொடுத்து வைத்திருந்தார்கள். கல்லாகிப்போன மரம் என்று அனைவரும் எண்ணியிருந்த அதை ஆல்பர்ட் எல்லிஸ் என்ற ஊழியர் சோதித்துப் பார்த்தபோது, உயர்தரப் பாஸ்பேட் என்று தெரிந்தது. 1907இல் தோண்டுதல் தொடங்கிற்று. ஒரு டன்னுக்கு அரைப் பென்னி என்பதுதான் நிலத்துக்கு உரியவருக்குத் தொடக்கத்தில் கிடைத்த பங்கு. முதல் உலகப்போரில் ஆஸ்திரேலியா தீவைப் பிடித்தது. போர் முடிந்ததும் பிரிட்டன், ஆஸ்திரேலியா, நியூசிலாந்து ஆகிய மூன்று அரசுகளும் சேர்ந்து சுரங்க உரிமையை 35 லட்சம் பவுண்டுக்கு வாங்கி, பிரிட்டிஷ் பாஸ்பேட் ஆணையம் என்ற அமைப்பை உருவாக்கின. வாங்கியவர்களும் ஆண்டவர்களும் உரத்தைப் பயன்படுத்தியவர்களும் ஒருவரே ஆனதால், பாஸ்பேட் சந்தை விலைக்கு விற்கப்படாமல் அடக்கவிலையில் அவர்களுடைய பண்ணைகளுக்குப் போயிற்று. ஆஸ்திரேலியாவின் கோதுமை வயல்களும் நியூசிலாந்தின் மேய்ச்சல் நிலங்களும் செழித்ததில் நவூருவின் மண்ணுக்குப் பெரும் பங்கு உண்டு. தோண்டியவர்களோ பெரும்பாலும் சீனத் தொழிலாளர்களும் கில்பர்ட் தீவுகளைச் சேர்ந்தவர்களும்.

மண் போனதோடு மக்களும் குறைந்தார்கள். 1920இல் பரவிய இன்ஃபுளுவென்சாவுக்குப் பின், இனம் பிழைத்திருக்க 1,500 பேராவது வேண்டும் என்று கருதப்பட்டது. 1932 அக்டோபர் 26 அன்று பிறந்த ஒரு பெண் குழந்தையால் அந்த எண்ணிக்கை எட்டப்பட்டது. அந்நாளை அங்காம் நாள் என்று இன்றும் கொண்டாடுகிறார்கள். பத்தே ஆண்டுகளில் ஜப்பானியப் படை வந்திறங்கியது. விமானத்தளம் அமைத்தார்கள், தொழுநோயாளிகள் 39 பேரைப் படகில் ஏற்றிக் கடலில் மூழ்கடித்தார்கள், 1,200 பேரைத் தொலைவிலுள்ள டிரக் தீவுகளுக்குக் கொண்டுபோனார்கள். 1946 ஜனவரி 31 அன்று உயிரோடு ஊர் திரும்பியவர்கள் 737 பேர். விடுதலை நாளாக 1968 ஜனவரி 31ஐ நவூரு தேர்ந்தெடுத்ததற்குக் காரணம் இதுவே.

தோண்டித் தீர்ந்த தீவில் மக்கள் எப்படி வாழ்வார்கள் என்ற கேள்வி எழுந்தபோது, 1960களின் தொடக்கத்தில் ஆஸ்திரேலியா ஒரு யோசனையை முன்வைத்தது: குவீன்ஸ்லாந்துக் கரையருகே உள்ள கர்டிஸ் தீவுக்கு எல்லாரும் குடிபெயர்ந்து ஆஸ்திரேலியக் குடிமக்களாகிவிடலாம். ஹாமர் டிரோபர்ட் தலைமையில் நவூரு மக்கள் மறுத்தார்கள். தனி அரசுரிமை இல்லாத எந்த நிலமும் தமக்கு வேண்டாம் என்பது அவர்கள் நிலைப்பாடு. பின்னர் நடந்த பலவற்றையும் இந்த மறுப்போடு சேர்த்துத்தான் படிக்க வேண்டும் என்பது என் கருத்து: நிலத்தின் பயன் போனாலும் அரசுரிமை இருந்தால் போதும் என்று முடிவெடுத்த மக்கள், பிறகு அந்த அரசுரிமையைக் கொண்டே பிழைக்க வேண்டியதாயிற்று.

1970இல் சுரங்கம் அவர்கள் கைக்கு வந்தது. அதற்கும் ஆணையத்துக்கு 2.1 கோடி ஆஸ்திரேலிய டாலர் கொடுக்க வேண்டியிருந்தது. அதன்பின் கால் நூற்றாண்டுக்குள் நடந்ததுதான் காணொளிகளில் வரும் கதை. பாஸ்பேட் தீர்ந்த பின் உதவட்டும் என்று ஓர் அறக்கட்டளை நிதி சேர்த்தது. அந்நிதியில் மெல்போர்னில் 52 மாடிக் கட்டடம் எழுந்தது. ஏர் நவூரு என்ற அரசு விமான நிறுவனம், ஏறுவதற்கு ஆளில்லாத தடங்களிலும் ஜெட் விமானங்களைப் பறக்கவிட்டது. லியோனார்டோ டா வின்சியைப் பற்றிய ஓர் இசை நாடகத்துக்கு முதலீடு செய்ய, அது 1993இல் லண்டனில் மேடையேறிய சில வாரங்களில் படுத்துவிட்டது. வருமான வரி அப்போது இல்லை. உணவு முழுவதும் இறக்குமதி. அரிசியும் சர்க்கரையும் டின்னில் அடைத்த இறைச்சியும் மீனுக்கும் தேங்காய்க்கும் பதிலாயின. 1970களின் நடுவில் நடந்த ஆய்வு, வயதுவந்தோரில் மூன்றில் ஒருவருக்குச் சர்க்கரை நோய் இருப்பதைக் கண்டறிந்தது. மெல்போர்ன் கட்டடம் 2004இல் கடனுக்குப் போயிற்று. 2005 இறுதியில் கடைசி விமானத்தையும் கடன்காரர்கள் எடுத்துக்கொண்டார்கள்.

தோண்டிய பின் டாப்சைட் எப்படி இருக்கும் என்பதைப் படங்களில் பார்த்தால்தான் நம்ப முடிகிறது. பாஸ்பேட், பவளப்பாறைகளின் இடுக்குகளில் நிறைந்திருந்தது. அதைச் சுரண்டி எடுத்ததும், பல மீட்டர் உயரமுள்ள சாம்பல்நிறச் சுண்ணாம்புத் தூண்கள், காடுபோல் அடர்ந்த கறையான் புற்றுகளாக எஞ்சி நிற்கின்றன. இடையில் கால் வைக்க வழியில்லை. மழைநீர் தங்குவதில்லை. இந்த நிலத்துக்கு யார் பொறுப்பு என்று ஆராய நவூரு அரசு அமைத்த விசாரணை ஆணையத்தின் தலைவர், இலங்கைச் சட்ட அறிஞரான கிறிஸ்டோபர் வீரமந்திரி. அதன் தொடர்ச்சியாக, விடுதலைக்கு முன் தோண்டப்பட்ட நிலத்துக்காக 1989இல் ஆஸ்திரேலியாமீது பன்னாட்டு நீதிமன்றத்தில் வழக்குத் தொடர்ந்தார்கள். வழக்கை விசாரிக்கத் தனக்கு அதிகாரம் உண்டு என்று நீதிமன்றம் 1992இல் தீர்ப்பளித்ததும், அடுத்த ஆண்டே 10.7 கோடி ஆஸ்திரேலிய டாலர் தர ஆஸ்திரேலியா இசைந்து சமாதானம் செய்துகொண்டது. இவ்வளவு சிறிய நாடு பழைய ஆட்சியாளரைக் கூண்டுக்கு இழுத்துப் பணிய வைத்ததை, ஊதாரிக் கதை சொல்பவர்கள் ஏனோ விட்டுவிடுகிறார்கள்.

அரசமைப்பைச் சுருக்கமாகச் சொல்லலாம். 8 தொகுதிகள், 19 உறுப்பினர்கள், மூன்றாண்டுப் பதவிக்காலம், வாக்களிப்பது கட்டாயம். முதல் விருப்பத்துக்கு 1, இரண்டாவதற்கு அரை, மூன்றாவதற்கு மூன்றில் ஒன்று என மதிப்பிட்டுக் கூட்டும் வாக்குமுறை உலகில் வேறெங்கும் காண அரியது. கட்சிகள் பெயருக்குத்தான். உறுப்பினர்களே அதிபரைத் தேர்ந்தெடுப்பதால், இரண்டொருவர் பக்கம் மாறினாலே அரசு கவிழும். 2003 என்ற ஒரே ஆண்டில் நான்கு பேர் அதிபராக இருந்திருக்கிறார்கள். நாணயம் ஆஸ்திரேலிய டாலர்.

பாஸ்பேட் மெலிந்த பிறகு, அரசு என்ற தகுதி ஒன்றால் மட்டுமே விற்கக்கூடிய பொருள்களை நவூரு ஒவ்வொன்றாக விற்றது. முதலில் வங்கி உரிமங்கள்: ஓர் அஞ்சல் பெட்டியைத் தவிர வேறெதுவும் இல்லாத நூற்றுக்கணக்கான வங்கிகள் அங்கே பதிவாயின. 1998இல் மட்டும் ரஷ்யாவிலிருந்து 7,000 கோடி அமெரிக்க டாலர் அவற்றின் வழியே போனதாக ரஷ்ய மத்திய வங்கி அதிகாரி ஒருவர் கூறினார். அமெரிக்கா நெருக்கியதும் அது முடிந்தது. அடுத்து வெளியுறவு அங்கீகாரம், அதாவது சீனா, தைவான் இரண்டில் எதை முறையான அரசாக ஏற்பது என்பது: தைவானிலிருந்து 2002இல் சீனாவுக்கு, 2005இல் மீண்டும் தைவானுக்கு, 2024இல் மறுபடியும் சீனாவுக்கு. அடுத்தது இடம். 2001இல் டாம்பா கப்பல் மீட்ட அகதிகளை ஏற்க மறுத்த ஆஸ்திரேலியா, அவர்களை நவூருவுக்கு அனுப்பி அதற்குப் பணம் கொடுத்தது. 2007இல் படகில் வந்த இலங்கைத் தமிழர்களும் இப்படி அங்கே கொண்டுபோய் வைக்கப்பட்டார்கள். ஆஸ்திரேலியாவில் தஞ்சம் கேட்டவர்கள் நவூருவின் வெயிலில் மாதக்கணக்கில் காத்திருந்தார்கள். 2008இல் மூடிய முகாம் 2012இல் மீண்டும் திறந்தது. குழந்தைகள் உள்ளிட்டோர் அங்கே பட்ட துன்பத்துக்கு எந்தப் பொருளாதாரக் காரணமும் சமாதானமாகாது. எனினும் முகாமை நடத்தியது யாருடைய பணம், யாருடைய கொள்கை என்பதை மறந்துவிட்டு நவூருவை மட்டும் குறைசொல்வதும் நேர்மையாகாது.

இவற்றுள் மதிக்கத்தக்க விற்பனை என்று மீனைச் சொல்வேன். தீவைச் சூழ்ந்த 3 லட்சம் சதுர கிலோமீட்டருக்கு மேற்பட்ட கடல் அதன் பொருளாதார மண்டலம். சூரை மீன் மிகுந்த கடல். பசிபிக் தீவு நாடுகள் ஏழு 1982இல் நவூருவில் ஓர் உடன்பாடு செய்துகொண்டன. பின்னர் மொத்த மீன்பிடி நாள்களுக்கு வரம்பு கட்டி, நாள் கணக்கில் உரிமை விற்கும் முறையைக் கொண்டுவந்தன. அயல்நாட்டுக் கப்பல்கள் ஒரு நாளைக்குக் குறைந்தது 8,000 அமெரிக்க டாலர் செலுத்த வேண்டும். மீன் தீராமலும் விலை சரியாமலும் இருக்க, சிறிய நாடுகள் ஒற்றுமையாகப் பேரம் பேசினால் போதும் என்று காட்டிய ஏற்பாடு இது.

2025இல் புதிதாக வந்தது குடியுரிமை விற்பனை: 1,05,000 அமெரிக்க டாலருக்குக் கடவுச்சீட்டு. கடல்மட்டம் உயர்வதால் கரையோரச் சமநிலத்தில் இருப்பவர்களை மேலே குடியேற்ற அந்தப் பணம் பயன்படும் என்கிறது அரசு. மேலே என்றால் டாப்சைட்; அதாவது நூறு ஆண்டுகளாகச் சுரண்டிய அதே நிலம். தூண்களை வெட்டிச் சமன்செய்து, மண்ணை உருவாக்கி, தண்ணீர் கொண்டுவந்து, வீடு கட்ட வேண்டும். லேண்ட் போர்ஷன் 230 என்று எண்ணிட்ட நிலத்தில் முதல் குடியிருப்பைத் திட்டமிட்டிருக்கிறார்கள். நவூருவில் நிலம் அரசுடையது அல்ல, குடும்பங்களுடையது. தலைமுறை தலைமுறையாகப் பங்கு பிரிந்து ஒரு துண்டுக்கே எண்ணற்ற உரிமையாளர்கள் இருப்பார்கள். எனவே முதல் வீட்டுக்கு அடித்தளம் போடுமுன், அவர்களிடம் அரசு சம்மதம் பெற வேண்டும்.