மகால் வளைவுகளும் வரைபலகையும்

கணினியோடு இணைத்து மின்பேனாவால் வரையும் திரையில்லாத வரைபலகையில் (graphics tablet) பழகும்போது கை மேசையிலும் கண் கணினித் திரையிலும் இருப்பதால், கோடு நம் வசப்படச் சில வாரங்கள் பிடிக்கத்தான் செய்யும். 1636-இல் கட்டப்பட்ட திருமலை நாயக்கர் மகாலின் வளைவுகளையே நான் பயிற்சிக்கு எடுத்துக்கொண்டேன். சுதை வேலைப்பாடு நிறைந்த அந்தப் பெரிய வளைவுகளை மணிக்கட்டை மட்டும் அசைத்து வரைந்தால் கோடு நடுங்கும், தோளிலிருந்து கையை வீசினால்தான் ஒரே இழுப்பில் அமையும். புதிதாகத் தொடங்குகிறவர்கள் பலகையின் நீள அகல விகிதத்தைத் திரையின் விகிதத்தோடு முதலிலேயே பொருத்திக்கொள்ள வேண்டும். இல்லாவிட்டால் கை வட்டமாகச் சுழன்றாலும் திரையில் நீள்வட்டமே விழும். பேனாவின் அழுத்தத்துக்கேற்பக் கோட்டைத் தடிமனாக்கும் கிரிட்டா மென்பொருள் இலவசமாகவே கிடைக்கிறது என்பதால், ஓவிய ஆர்வமுள்ள நம் மதுரைப் பிள்ளைகளுக்கு அதை மனதாரப் பரிந்துரைக்கிறேன். இப்போது மீனாட்சியம்மன் கோயிலுக்கு எதிரேயுள்ள புதுமண்டபத்துத் தூண் சிற்பங்களை வரைந்துகொண்டிருக்கிறேன்.