பிரையன் போரு பெயரில் ஒரு பப்

டப்ளினில் கிளாஸ்நெவின் கல்லறைக்குப் போகிற வழியில், ராயல் கால்வாய்க்குப் பக்கத்தில் "பிரையன் போரு" என்று ஒரு பழைய பப் இருக்கிறது. அந்தப் பெயரைப் பார்த்தாலே எனக்கு மனசு நின்றுவிடும்.

கிளேர் பக்கம் ஷானன் ஆற்றங்கரையில் ஒரு சின்ன குலத்தில் பிறந்து, அயர்லாந்து முழுவதற்கும் பேரரசராக உயர்ந்தவர் இந்த பிரையன் போரு. 1014 ஏப்ரல் 23, புனித வெள்ளி, டப்ளினுக்கு வெளியே குளோன்டார்ஃபில் போர். எதிரே டப்ளினில் குடியேறியிருந்த வடநாட்டுக் கடலோடிகளான வைக்கிங்குகளும், லென்ஸ்டர் என்ற கிழக்கு அயர்லாந்து அரசின் ஐரிஷ் படையும் சேர்ந்தே நின்றார்கள், அதனால் இதை வெறும் ஐரிஷ்-வைக்கிங் சண்டை என்று சொல்வது சரியில்லை. அவர் படை ஜெயித்தது, ஆனால் மகன் முர்ஹாத் களத்திலேயே விழுந்தான், எழுபது வயதைத் தாண்டிய கிழவர் கூடாரத்தில் ஜெபம் செய்துகொண்டிருந்தபோது தப்பி ஓடிய வைக்கிங் ஒருவன் வெட்டிக் கொன்றான் என்பார்கள். உடலை வடக்கே அர்மா என்ற திருச்சபை நகரத்துக்குக் கொண்டுபோய் அடக்கம் செய்தார்கள்.

அப்புறம், டப்ளின் டிரினிட்டி கல்லூரியில் அவர் பெயரில் இருக்கிற யாழ் அவருடையதே இல்லை, பல நூற்றாண்டு பிந்தியது. இருந்தாலும் ஜனங்கள் அவர் பெயரைத்தான் அதற்கு வைத்தார்கள்.

இப்போது மெட்ரோ நிலையத்துக்காக அந்த பப்பை இடிக்கத் திட்டம். அந்தப் பெயர்ப்பலகையையாவது புது நிலையத்தில் மாட்டி வையுங்கள்!