"சட்டப்படிதான் நடக்கிறது" என்றால், எந்தச் சட்டப்படி?

வெளிநாட்டில் சுரங்கம் நடத்தும் கம்பெனிகளின் ஆண்டறிக்கையில் "அந்தந்த நாட்டுச் சட்டங்களைப் பின்பற்றுகிறோம்" என்ற வரி பெரும்பாலும் இருக்கும். பல சமயம் அது உண்மையாகவும் இருக்கும். சிக்கலே அங்கேதான்.

பப்புவா நியூ கினியின் ஓக் டெடி செம்புச் சுரங்கத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். தாதைப் பிரித்தபின் மிஞ்சும் கழிவுக்கூழைத் தேக்க அணை கட்டத் தொடங்கினார்கள். 1984-இல் மண் சரிந்து அந்த வேலை பாழானது. தற்காலிகமாக ஆற்றில் விட்டுக்கொள்ள அரசு அனுமதித்தது. அந்தத் தற்காலிகம் பல பத்தாண்டுகள் நீண்டது. நாளொன்றுக்குப் பல்லாயிரம் டன் கூழ் ஃபிளை ஆறுவரை போய், படுகை மேடாகி, வெள்ளம் காட்டுக்குள் தேங்கி, மரங்கள் நின்றபடியே பட்டுப்போயின. சுரங்கத்தை நடத்திய ஆஸ்திரேலியக் கம்பெனியான பிஹெச்பி (BHP) வெளியேறும் சமயத்தில், 2001-இல், அதற்கு வழக்குகளிலிருந்து பாதுகாப்புத் தரத் தனிச்சட்டமே நிறைவேறியது.

அதனால் சுற்றுச்சூழல் சட்டத்தைப் புரட்டும் முன் அரசும் கம்பெனியும் போட்ட சுரங்க ஒப்பந்தத்தைப் படியுங்கள். பின்னால் வரும் சட்ட மாற்றம் இந்தத் திட்டத்தைக் கட்டுப்படுத்தாது என்ற பிரிவு இருந்தால், புதிய மாசு வரம்பு எவ்வளவு கடுமையாக இருந்தாலும் ஏட்டளவில் நின்றுவிடலாம்.

அடுத்து, நீர் மாதிரி எங்கே எடுக்கிறார்கள்? கழிவுக் குழாயின் வாயிலா, துணையாறுகள் கலந்தபின் பல கிலோமீட்டர் கீழேயா? ஒரே கழிவு முதல் இடத்தில் மீறல், இரண்டாவது இடத்தில் பாஸ்.

நீரின் அமிலத்தன்மையைக் காட்டும் பிஹெச் (pH) எண்ணை மட்டும் தரும் அறிக்கையை நம்பாதீர்கள். கந்தகம் கலந்த சல்ஃபைடு பாறை காற்றும் நீரும் பட்டு அமிலம் கசியத் தொடங்கினாலும், கூடவே இருக்கும் சுண்ணாம்புத் தாது அதைச் சில காலம் முறிக்கும். பிஹெச் அசையாது, அந்த வினையில் உண்டாகும் சல்ஃபேட் மட்டும் நீரில் ஏறிக்கொண்டே போகும். சுண்ணாம்பு தீர்ந்தபின்தான் பிஹெச் சரியும். அதற்குள் சுரங்கம் கைமாறியிருக்கலாம். சுரங்கத்தை மூடிச் சீராக்கும் செலவுக்கான பிணை வங்கி உத்தரவாதமா, தாய்க் கம்பெனியின் வெறும் வாக்குறுதியா என்று பார்க்கச் சொல்வது இதனால்தான்.

தாய்க் கம்பெனியைத் தொட முடியாது என்பதும் முழு உண்மையில்லை. செம்புச் சுரங்கம் தங்கள் நீர்நிலைகளை மாசுபடுத்தியதாக ஜாம்பியாவின் சிங்கோலா பகுதிக் கிராமத்தினர் அதன் தாய்க் கம்பெனியான வேதாந்தா மீது தொடுத்த வழக்கை இங்கிலாந்திலேயே நடத்தலாம் என்று 2019-இல் பிரிட்டன் உச்ச நீதிமன்றம் சொன்னது. குழுமம் முழுவதற்கும் சுற்றுச்சூழல் தரம் வகுத்துக் கண்காணிக்கிறோம் என்று கம்பெனியே வெளியிட்டிருந்த ஆவணங்கள் அங்கே எடுபட்டன. 2021-இல், பொறுப்பை ஒப்புக்கொள்ளாமல், சமரசம் ஆனது. ஆகவே அந்தப் பளபளப்பான அறிக்கைகளைத் தேதியோடு தரவிறக்கிச் சேமித்து வையுங்கள். பழைய பதிப்புகள் கம்பெனியின் இணையதளத்தில் எப்போதும் கிடைக்கும் என்று சொல்ல முடியாது.