கொடைக்கானல் ஏரியில நாங்க விட்ட டீம் ஸ்பிரிண்ட்

கொடைக்கானலுக்குப் போனா தூண் பாறை, கோக்கர்ஸ் வாக், பைன் காடுன்னு ஒரு ரவுண்டு அடிச்சு சாக்லேட் வாங்கிட்டு இறங்கிடுவோம், மூணு தடவை அப்படித்தான் போயிருக்கோம். இந்த தடவை நான், அக்கா, சித்தி மூணு பேரும் போனது ஏரி ரோட்டுல சைக்கிள் ரேஸ் விட. சிரிக்காதீங்க.

எல்லாத்துக்கும் காரணம் சித்திதான். 2024 ஆகஸ்ட்ல பாரிஸ் ஒலிம்பிக்ஸ் நடந்தப்போ ஒரு ராத்திரி தூக்கம் வராம போன்ல பெண்கள் டீம் ஸ்பிரிண்ட்னு ஒரு ட்ராக் சைக்கிள் ரேஸ், அதோட ஃபைனல் பாத்துட்டு இருந்தேன், பிரிட்டனுக்கும் நியூசிலாந்துக்கும். தண்ணி குடிக்க எந்திரிச்ச சித்தி அப்படியே பக்கத்துல உக்காந்துட்டாங்க. 250 மீட்டர் ட்ராக், டீமுக்கு மூணு பொண்ணுங்க, மூணே சுத்து. முதல் சுத்து முடிஞ்சதும் முன்னாடி ஓட்டினவங்க சட்டுனு சாய்வான ட்ராக்ல மேல ஏறி ஒதுங்கிடணும், ரெண்டாவது சுத்துல அடுத்தவங்க ஒதுங்கணும், கடைசி ஆள் தனியா போய் கோட்டைத் தாண்டினாத்தான் கடிகாரம் நிக்கும். ஜெயிச்சது பிரிட்டன், ஓட்டின வரிசைப்படி கேட்டி மார்ச்சன்ட், சோஃபி கேப்வெல், எம்மா ஃபினுகேன். 45.186 செகண்ட், உலக சாதனை. எனக்குப் புல்லரிச்சுப் போச்சு, சித்தி கேட்டது ஒண்ணே ஒண்ணு, "அந்த முதல்ல போன புள்ள பாதியிலயே ஒதுங்கிருச்சே, அதுக்கும் மெடல் உண்டாடி?"

உண்டு சித்தி, அவங்க ஒரு குழந்தைக்கு அம்மா, பெத்து ரெண்டு வருஷம்தான் ஆகுதுன்னேன். அவ்ளோதான், அன்னையில இருந்து சித்திக்கு அவங்கதான் ஹீரோயின். "நானும் புள்ள பெத்தவதான், நானும் ஸ்கூலுக்கு சைக்கிள்ல போனவதான்"னு ஆரம்பிச்சவங்க நிறுத்தவே இல்ல.

டிசம்பர்ல ஈ-பாஸ் போட்டுட்டு கிளம்பினோம். வத்தலக்குண்டு தாண்டி மலை ஏற ஆரம்பிச்சதும் ஹீரோயின் கையில எலுமிச்சம்பழத்தை வச்சுக்கிட்டு கண்ணை மூடினவங்கதான், வெள்ளி அருவி வந்ததும்தான் தொறந்தாங்க.

மறுநாள் காலைல ஆறரைக்கு ஏரி. பனி தண்ணிக்கு மேல பஞ்சு மாதிரி நின்னுச்சு. வாடகை சைக்கிள்ல எனக்கு வந்ததுக்கு பின் பிரேக் பிடிக்கவே இல்ல. சொல்லப்போனா ட்ராக் சைக்கிளுக்கு பிரேக்கே கிடையாது, கியரும் ஒண்ணே ஒண்ணுதான், சக்கரம் சுத்துற வரைக்கும் பெடலும் சுத்திட்டே இருக்கும், கால் ஓய முடியாது. அதனால பிரேக் இல்லைன்னு புலம்பாம அதுதான் ஒரிஜினல்னு மனசைத் தேத்திக்கிட்டேன்.

ஏரியை ஒரு சுத்து சுத்தினா அஞ்சு கிலோமீட்டர், அது நமக்கு ஆகாது. போன் மேப் பாத்து 250 மீட்டருக்கு ஒரு மரம், 500க்கு ஒரு சிமெண்ட் பெஞ்ச், 750க்கு ஒரு வளைவுன்னு குறிச்சுக்கிட்டோம். ஒலிம்பிக்ஸ்ல ஸ்டார்ட்டுக்கு முதல் ஆளோட பின் சக்கரத்தை ஒரு மெஷின் கவ்விப் பிடிச்சிருக்கும், கவுண்ட் டவுன் முடிஞ்சதும் விடும். எங்க மெஷின், சோளம் சுட கரி மூட்டிக்கிட்டு இருந்த அண்ணன். சித்தியோட கேரியரைப் பிடிச்சுக்கிட்டு "அக்கா, விடவா?"ன்னார்.

நின்ன இடத்துல இருந்து கிளப்புறதுதான்யா கஷ்டம். டிவில பாக்குறப்போ கடைசி ஆள்தான் கண்ணுக்குத் தெரியும், ஆனா நிக்கிற சைக்கிளை முதல் சுத்துலயே பறக்க வைக்கிறது முதல் ஆளோட காலு. சித்தி குரங்குக் குல்லா, பச்சை ஸ்வெட்டர், துப்பட்டாவை இடுப்புல இறுக்கிக் கட்டிக்கிட்டு பெடல் மேல எந்திரிச்சு நின்னு மிதிச்சாங்க பாருங்க, நான் பின்னாடி ஒட்டவே திணறிட்டேன். அவங்க முதுகுக்குப் பின்னாடி இருந்த வரைக்கும் எனக்குக் குளிரே தெரியல. அவங்க விலகின அந்த செகண்ட் மூஞ்சில சப்புனு அறைஞ்ச மாதிரி காத்து, கண்ணுல தண்ணி. காத்தை இன்னொருத்தர் வாங்கிக்கிறதுன்னா என்னன்னு அப்போதான் புரிஞ்சுது.

ஆனா சித்தி மரம் வரைக்கும் வரல. குறுக்க ஒரு குதிரை வந்துச்சுன்னு முன்னாடியே ஒதுங்கிட்டாங்க. ரூல்படி கோட்டுக்கு முன்ன 15 மீட்டர், பின்ன 15 மீட்டருக்குள்ளதான் ஆள் மாறணும். இந்த தப்புக்கு எவ்ளோ பெரிய விலைன்னா, 2012 லண்டன்லதான் பெண்களுக்கு முதல் தடவையா ஒலிம்பிக்ஸ்ல இந்த ரேஸ், அப்போ ரெண்டு பேர், ரெண்டே சுத்து. பிரிட்டனோட பெண்டில்டன் ஜோடி ஆள் மாத்தினது தப்புன்னு வரிசையில கீழ இறக்கிவிட்டாங்க, ஜெர்மனி ஃபைனலுக்கு வந்துச்சு. ஃபைனல்ல வேகமா முடிச்ச சைனாவையும் அதே தப்புக்கு இறக்கிட்டாங்க, தங்கம் ஜெர்மனியோட வோகல், வெல்ட்டேக்கு. ஆம்பளைங்க மூணு பேரா ஓட்டிட்டு இருந்தப்போ நம்மளுக்கு மட்டும் ஏன் ரெண்டு பேர்னு எனக்கு இன்னும் கடுப்பு, 2021 உலக சாம்பியன்ஷிப்லதான் மூணாச்சு.

பெஞ்ச் கிட்ட நான் ஒதுங்கினப்போ மூச்சு இல்ல. இத்தனைக்கும் உயரத்துல காத்து லேசா இருக்கும், சைக்கிள் வேகமா போகும், அதே வோகல் ஜோடி 2013ல மெக்சிகோல அக்வஸ்காலியன்டெஸ்ல ரெண்டு சுத்துக்கு 32.153 செகண்ட்னு உலக சாதனை வச்சாங்க, அது கிட்டத்தட்ட 1,900 மீட்டர் உயரம். கொடைக்கானல் அதை விட உசரம். லேசான காத்து சைக்கிளுக்குத்தான் நல்லது போல, எனக்கு இல்ல. அக்காவுக்கு 750க்கு கொஞ்சம் முன்னாடி செயின் கழண்டுபோச்சு, தள்ளிக்கிட்டே ஓடி ஃபினிஷ் பண்ணா.

டைம் என்னன்னு திரும்பி வந்து கேட்டா, ஸ்டாப்வாட்ச்சை அமுக்கச் சொன்ன அண்ணன் கேமராவை அமுக்கியிருக்கார். மூணு நிமிஷ வீடியோ, முக்காவாசி அவரோட கரி அடுப்பு. ஆரம்பத்துல மட்டும் பச்சை ஸ்வெட்டர் ஒண்ணு எந்திரிச்சு நின்னு மிதிச்சு பனிக்குள்ள போகுது. இறங்குறப்போ பஸ்ல சித்தி எலுமிச்சம்பழத்தை என்கிட்ட குடுத்துட்டு அதையே திரும்பத் திரும்பப் போட்டுப் பாத்துக்கிட்டு வந்தாங்க.