காட்பாடியில் இரண்டு நிமிடம்

சென்னையிலிருந்து கோவைக்குப் போகும் சொந்தக்காரர்கள் யாராக இருந்தாலும் காட்பாடியில் எங்கள் வீட்டுச் சாப்பாடு ஏறிவிடும். எங்கள் வீட்டில் இது ரொம்ப நாள் வழக்கம். 10 ரூபாய் பிளாட்பாரம் டிக்கெட், கையில் டிபன் கேரியர். வேலூரிலிருந்து பாலாற்றுப் பாலத்தையும் விருதம்பட்டு நெரிசலையும் தாண்டி, வண்டி வருவதற்குள் போய்ச் சேர வேண்டும். அதுதான் பெரும்பாடு.

இந்த முறை என் காலில் மாவுக்கட்டு. அத்தையும் மாமாவும் காலை கோவை எக்ஸ்பிரஸில் போகிறார்கள். எட்டு மணி வாக்கில் காட்பாடி. மாமாவுக்குச் சர்க்கரை, அந்த நேரத்துக்குச் சாப்பிட்டே ஆக வேண்டும். சரி, சீட்டுக்கே சாப்பாடு வரும் என்கிறார்களே, ஐஆர்சிடிசியின் இ-கேட்டரிங், அதைப் பார்த்துவிடுவோம் என்று முதல் நாள் இரவே உட்கார்ந்தேன்.

பத்து இலக்க பிஎன்ஆர் எண்ணைப் போட்டதும், வழியில் எந்தெந்த ஸ்டேஷனில் சாப்பாடு கிடைக்கும் என்று வந்தது. காட்பாடியைத் தொட்டால் கடைகள், கடையைத் தொட்டால் மெனு. ரிசர்வேஷன் டிக்கெட் இருந்தால்தான் இதெல்லாம். அன்ரிசர்வ்டில் போகிறவர்களுக்குப் பிளாட்பாரத்துக் கடைதான் கதி. இரண்டு செட் இட்லி மட்டும் கேட்டால் குறைந்தபட்சத் தொகை வரவில்லை. ஒரு பொங்கலும் வடையும் சேர்த்தேன். பணத்தையும் கட்டிவிட்டேன். அந்த அவசரத்தில் சில்லறை தேடுவது ஆகாது.

அப்புறம் நடந்ததில் பாதி என் தப்பு. செல்போன் எண் கேட்ட இடத்தில் என் எண்ணைக் கொடுத்துவிட்டேன். காலையில் வண்டி வந்து நின்றதும் டெலிவரி பையன் என்னைக் கூப்பிட்டான். "சார், நீங்க சொன்ன சீட்ல வேற யாரோ இருக்காங்க. அவங்க ஆர்டரே பண்ணலையாம்." நான் அத்தையைக் கூப்பிட்டால் லைன் போகவில்லை. மூன்றாவது முறை எடுத்தார். யாரோ ஒரு குடும்பம் சேர்ந்து உட்கார இடம் கேட்டதாம். இவர்கள் இரண்டு பெட்டி தள்ளிப் போய் உட்கார்ந்திருக்கிறார்கள்! நல்ல மனசுதான், என்ன சொல்வது? நான் பையனிடம் பெட்டி எண்ணைச் சொல்லி முடிப்பதற்குள் வண்டி நகர்ந்துவிட்டது. நிற்பதே இரண்டு நிமிடம்.

"சார், பார்சலை என்ன பண்றது?"

"சாப்டியாப்பா? இல்லன்னா நீயே சாப்பிடு."

மாமா ரயிலில் வந்த வடையைத் தின்றிருக்கிறார். சட்னி புளிப்பாம். அதையும் எனக்குப் போன் செய்து சொன்னார்.

நாலு நாள் கழித்து அதே வண்டியில் திரும்பினார்கள். காட்பாடிக்கு இரவு எட்டரை மணிக்கு மேல். இந்தத் தடவை அத்தையின் எண்ணைக் கொடுத்தேன். குறுஞ்செய்தியில் வரும் ரகசிய எண்ணை டெலிவரி பையனிடம் சொல்லச் சொன்னேன். கொஞ்சம் கண்டிப்பாகவே ஒன்றும் சொன்னேன்: "அத்தை, யார் கேட்டாலும் காட்பாடி தாண்டற வரைக்கும் சீட்டை விட்டு எழுந்திருக்காதீங்க." சாம்பார், ரசம் எதுவும் வேண்டாம் என்று சப்பாத்தி, குருமா. ஆடுகிற வண்டியில் ரசப் பொட்டலம் பிரித்துச் சட்டை நனைந்த ஆட்களைப் பார்த்திருக்கிறேன். வண்டி இருபது நிமிடம் லேட். கடைக்காரர்களும் வண்டி எங்கே வருகிறது என்று பார்த்துக்கொண்டுதான் இருந்திருக்கிறார்கள் போல, பார்சல் சூடாகவே வந்ததாம். பெட்டி நிற்கும் இடத்துக்கு நேராகப் பையன் முன்கூட்டியே நின்றிருக்கிறான். பிளாட்பாரத்தில் பெட்டி எண் காட்டும் பலகையைப் பார்த்து நின்றிருப்பான். கேரியரோடு நானும் எத்தனையோ முறை நின்ற இடம்தான் அது.

தண்ணீர் பாட்டில் மட்டும் இதில் சேர்க்கவில்லை. ரயில் நீர் ஒரு லிட்டர் 2025 செப்டம்பரிலிருந்து 14 ரூபாய். அதை ஸ்டேஷன் கடையிலேயே வாங்கிக்கொள்ளலாம். வண்டி கிளம்பும் அவசரத்தில் இருபது ரூபாய் நோட்டை நீட்டிவிட்டு மீதி வாங்க மறக்கிற ஆள் எங்கள் மாமா. அதனால் சரியாக 14 ரூபாயைத் தனியாக எடுத்துச் சட்டைப் பையில் வைக்கச் சொல்லியிருந்தேன். கூடுதலாகக் கேட்டால் ரயில்வே உதவி எண் 139-இல் புகார் செய்யலாம் என்றும் சொன்னேன். அதற்கு வேலை வரவில்லை.

வாலாஜா ரோடு தாண்டியதும் அத்தை கூப்பிட்டார். "சாப்பாடு வந்துச்சுடா. சப்பாத்தி பரவாயில்ல, குருமால உப்பு கம்மி." கொஞ்சம் நிறுத்திவிட்டுக் கேட்டார்: "கட்டு எப்ப பிரிக்கறாங்க?"